துணைக்குப் போன குரல்

காதம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பாட்டுக் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. "புதுசாப் பாடறவங்களைப் பார்க்கிற அம்மா எங்க இருக்காங்க?" என்று யாராவது வந்து நின்றால், "யாரு, காதம்மாவா? ரெண்டாவது மாடி, படிக்குப் பக்கத்து ரூம்" என்பார். கம்பெனியில் அவளுடைய பதவிக்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது? காதம்மா என்பதே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபப்படவில்லை. மூக்கம்மா என்று வைக்காமல் விட்டாரே, அந்த மட்டும் லாபம் என்பாள்.

பாடத் தெரிந்த ஆட்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவது அவள் வேலை. கேட்கிறவர்களுக்குக் குளுகுளு அறையில் சாய்ந்துகொண்டு பாட்டுக் கேட்கிற உத்தியோகம் போலத் தோன்றும். அவள் பாதி நாள் பஸ்ஸில்தான் இருந்தாள். கல்யாண மண்டபத்துப் பின்கட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, பிஸ்கட் கம்பெனிச் சாப்பாட்டு நேரம் என்று எங்கே யார் வாய் திறப்பார்கள் என்று அலைந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற ஒருவரை, அந்தக் கூப்பாட்டை மட்டும் கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இன்று அவர் பாட்டு ஒலிக்காத டீக்கடை இல்லை. பிஸ்கட் கம்பெனியில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்த அக்கா தங்கை இரண்டு பேரும் அவள் கண்டெடுத்தவர்கள்தான்.

அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. வந்தவர்களை எடுத்ததும் பாடச் சொல்ல மாட்டாள். "உங்க வீட்டுக்கு எப்படி வரணும், வழி சொல்லுங்க" என்பாள். எப்பேர்ப்பட்ட ஆளும், வலது பக்கம் திரும்பி மருந்துக்கடை தாண்டி என்று சொல்ல ஆரம்பித்தால் மேடைக் குரலை மறந்து சொந்தக் குரலுக்கு வந்துவிடுவான். இன்னொரு வழக்கம், எதையும் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். இரண்டாம் தடவை கேட்டால் மனசு உட்கார்ந்து நியாயம் பேச ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி.

மூன்றாவது வழக்கம்தான் சின்ன முதலாளிக்குப் பிடிபடவே இல்லை. கம்பெனியில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இருக்க, தலையில் மாட்டிக்கொள்ள விலை உயர்ந்த ஹெட்போன் இருக்க, அவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மூலை உடைந்த ஒரு குட்டி ஸ்பீக்கரில்தான் புதுக் குரல்களைக் கேட்பாள்.

"ஊரே பாத்திரம் கழுவிக்கிட்டும் பஸ்ல தொங்கிக்கிட்டும்தான் பாட்டுக் கேக்குது தம்பி. அந்த இரைச்சல்ல தேறினாத்தான் குரல்" என்பாள்.

"எது தேறும்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"நல்ல குரல் வந்தா சுத்தி இருக்கிறதெல்லாம் தானா அடங்கிப் போகும். வீடே அமைதியாயிடும்."

இது கம்பெனியில் பிரசித்தமான வசனம். புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள்கூட இதை அவளைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள். அழகுக்குச் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காதம்மாவே கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வீட்டில் மூன்று பேர். காதம்மா, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அவள் புருஷன், அவருடைய அக்கா. முறைக்கு நாத்தனார். காதம்மா கூப்பிடுவது அண்ணி என்று. அண்ணிக்குச் சின்ன வயசிலேயே புருஷன் தவறிவிட்டார், பிள்ளை இல்லை. காதம்மாவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஒரு பெட்டியோடு வந்தவள், குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும், தவழட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், அந்தக் குழந்தை வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போயாகிவிட்டது, பெட்டி மட்டும் பரணில் இருக்கிறது. பையன் போன் செய்தால் முதலில் கேட்பது, "அத்தை எங்க?"

காதம்மா ஊர் ஊராகப் போய்க் குரல் பிடித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க இங்கே அடுப்பு எரிந்ததும், துணி காய்ந்ததும், பையனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியதும் அண்ணியின் கையில்தான். அது காதம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. நினைக்காத நாளும் இல்லை. ஆனால் சொன்னதில்லை. அந்த வீட்டில் நன்றி என்கிற சொல்லை யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அது மேடையில் பொன்னாடை போர்த்தும்போது சொல்கிறது, சொந்த மனுஷியிடம் சொன்னால் கணக்குத் தீர்த்து அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். அதனால் ஊரிலிருந்து திரும்பும்போது அண்ணிக்கு ஒரு போர்வையோ ஒரு ஜோடிச் செருப்போ வாங்கி வருவாள். "எனக்கு எதுக்கு இதெல்லாம், இருக்கிறது போதாதா" என்று அண்ணி திட்டுவாள். கணக்கு அத்தோடு நேராகிவிட்டதாக இரண்டு பேரும் வைத்துக்கொள்வார்கள்.

மழைக்காலத்துத் தொடக்கத்தில் சின்ன முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பெரிய முதலாளியின் மகன். மரியாதை தெரிந்த பிள்ளை, அதுதான் தொந்தரவு. மரியாதை இல்லாதவனாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இப்ப யாரை எத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு கம்ப்யூட்டரே காட்டிடுது. நாம தேடிப்போக வேண்டியதில்ல. இந்த மழைக்கு ஒரு பாட்டு போடறோம். அதுக்குப் புதுக்குரல் நீங்க கொண்டுவாங்க. அது எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு, அந்தப் படிக்குப் பக்கத்து ரூமைப் பத்தி யோசிப்போம்."

ரூமைப் பற்றி என்றால் ரூமில் இருக்கிறவளைப் பற்றி. அதுகூடவா அவளுக்குப் புரியாது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பின்பக்கத் தகரக் கூரையில் கொட்டி முழக்கியது. முட்டையும் உருளைக்கிழங்குமாக அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் புருஷன் உள்ளே படுத்துவிட்டார். மின்விசிறி கடகடத்தது. காதம்மா ஸ்பீக்கரை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒருவன் மூக்கால் பாடினான். ஒருத்தி அழுதே விட்டாள். அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவள், எண்ணெய் டின் அடுக்கிய பின்னறையில் போனில் பதிந்து அனுப்பியிருந்தாள். மெல்லிய குரல், ஆனால் பயமில்லாமல் மேலே மேலே ஏறியது. அது உச்சியில் தனியாக நிற்கிற நேரத்தில், கீழே இருந்து இன்னொரு குரல் எழுந்து வந்தது. சொல் இல்லை, வெறும் முனகல். மூத்த பெண்பிள்ளையின் கனத்த குரல். படி ஏறுகிற குழந்தைக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு போகிற மாதிரி, தொடாமல், ஆனால் விடாமல் கூடவே போனது.

காதம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று கேட்டதில்லை. வழக்கப்படி ஒரே தடவையோடு நிறுத்திவிட்டுச் சின்ன முதலாளிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கிடைச்சாச்சு. ஒரு குரல் இல்ல, ரெட்டைக் குரல். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ போறது யாருன்னு மட்டும் கேட்டுப் பிடிச்சுட்டா உங்க மழைப் பாட்டு முடிஞ்ச மாதிரிதான்."

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். பங்க் சட்டையோடு, பெட்ரோல் வாசனையோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வழி கேட்டதும் சொன்னாள். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, டயர் கடைக்குப் பின்னால், மாடிப்படி ஈரமாக இருக்கும், பார்த்து வரவேண்டும் என்றாள். பார்த்து வரச் சொன்ன அந்த இடத்திலேயே காதம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"சரி, உன்கூடப் பாடினது யாரு? அம்மாவா?"

"யாரும் பாடலைங்களே."

"கீழ்க்குரல்ல ஒருத்தங்க முனகினாங்களே. பயப்படாத, அதனாலதான் உன்னைக் கூப்பிட்டதே."

"சத்தியமா நான் மட்டும்தாங்க. பின்னால ரூம் கதவைச் சாத்திட்டுத்தான் பாடினேன்." திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண்ணுக்குக் குரல் நடுங்கியது.

ஒலிப்பதிவு அறைக்குப் போனார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சின்ன முதலாளி, சவுண்டுக்காரர், காதம்மா. ஆளுயர ஸ்பீக்கரில், போனில் பதிந்து வந்த அந்தப் பாட்டைப் போட்டார் சவுண்டுக்காரர். பெண் பாடினாள். உச்சிக்குப் போனாள். தனியாக நின்றாள். தனியாகவே இறங்கி வந்தாள்.

"திரும்பப் போடுங்க" என்றாள் காதம்மா. அவள் திரும்பப் போடச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை சவுண்டுக்காரர் எதை எதையோ திருகிப் பார்த்தார். கூடவே இருந்து பழகியவர், எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று, "போன்ல வர்றப்ப சில சமயம் எதிரொலி விழும்மா" என்று இழுத்தார். சின்ன முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்களேன்."

அவர் கேலியாகச் சொல்லியிருந்தால்கூட இந்த அளவு சுட்டிருக்காது.

"பொண்ணு குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா தனியாக் கேட்டா ஒல்லியா இருக்கு. இன்னும் நாலஞ்சு பேரைக் கம்ப்யூட்டர்ல பார்த்து வெச்சிருக்கேன். அடுத்த வாரம் முடிவு பண்ணிடலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "எனக்குக் கிடைக்காதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

காது டாக்டர் அவளை ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்து, சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். அமுக்கினாள். கடைசியில், "உங்க வயசுக்கு ரொம்ப நல்லாக் கேக்குது" என்றார்.

"இல்லாதது கேக்குது டாக்டர்."

"அது காது பிரச்சினை இல்லம்மா. நல்லாத் தூங்குங்க."

காது கெட்டிருந்தால்கூட ஒரு நிம்மதி இருந்திருக்கும். காது நன்றாக இருந்தால், கெட்டுப்போனது வேறு என்ன? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள். அண்ணி துவாலையை எடுத்துத் தலையில் போட்டாள்.

"குடை எடுத்துட்டுப் போனா கை ஒடிஞ்சா போயிடும்? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் இருக்காம்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

காதம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டும் காட்டினாள். அண்ணி மேசைக்குப் பக்கத்தில் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று, மூச்சைப் பிடித்துக் கேட்டாள். கீழ்க்குரல் இல்லை.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அண்ணி, பாவமாக. "இந்தப் பாட்டுதானா? நல்லாத் தெரியுமா?"

"இதேதான் அண்ணி. நான் விட்டுடறேன். அவங்களாப் போகச் சொல்றதுக்கு முன்னால நானே வந்துடறேன். இத்தனை நாள் எது நல்ல குரல், எது இல்லைன்னு சொல்லிட்டிருந்தேனே, அதுல எத்தனை பேரை இப்படித் தப்பாத் தள்ளிவிட்டேனோ. அந்தப் பொண்ணு வாழ்க்கையையும் நானே தூக்கிக் காட்டி நானே கீழ போட்டுட்டேன்."

"சும்மா இரு. வாய்க்கு வந்ததைப் பேசாத. டீ குடி முதல்ல."

அந்த வாரம் முழுக்க அண்ணி சமையலறையில் சத்தமே இல்லாமல் புழங்கினாள். காதம்மா உடம்பு சரியில்லாதவள் என்று பாத்திரத்தைப் பூப்போல எடுத்து வைத்தாள். அந்த அமைதி காதம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவியதும் புருஷன் படுக்கப் போகவில்லை. அவர் பாட்டு விஷயத்தில் சுத்த சூனியம். தாலாட்டுக்கும் தேர்தல் விளம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோளாறு என்று வந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

"இந்தா, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நாலாவது மாடியில லிஃப்ட் நிக்குதுன்னு கூப்பிடுவாங்க. நான் போனா ஜம்முனு ஓடும். அப்ப என்ன பண்ணுவேன் தெரியுமா? அது நின்னப்ப யார் யார் உள்ள இருந்தாங்க, கையில என்ன இருந்துச்சு, ஃபேன் ஓடுச்சா, எல்லாத்தையும் கேட்டு அதே மாதிரி ஏத்தி விடுவேன். கோளாறு அப்படியே வந்து நிக்கும். உன் குரலையும் அப்படித்தான் பிடிக்கணும்."

"லிஃப்டும் பாட்டும் ஒண்ணாங்க?"

"ரெண்டும் மேல போய்ட்டுக் கீழதானே வருது? அன்னிக்கு எங்க உக்காந்திருந்த?"

அவளை அதே நாற்காலியில் உட்காரவைத்தார். ஸ்பீக்கரை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருந்தாள் என்று கேட்டுத் திருப்பினார். மின்விசிறியைப் போட்டார். வெளியே மழை அதுவாகவே பெய்தது. "நான் அன்னிக்குப் படுத்திருந்தேன். சரி, நான் படுத்துக்கிட்டே கவனிக்கிறேன். அக்கா, நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"நான் என்ன பண்ணுவேன்? பாத்திரம் கழுவிட்டிருந்தேன்."

"போய்க் கழுவு."

"கழுவி வெச்சாச்சுடா."

"திருப்பிக் கழுவு."

"உனக்குப் பைத்தியமா? இந்த வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சுட்டீங்க" என்று திட்டிக்கொண்டே அண்ணி கவிழ்த்துவைத்த பாத்திரங்களைத் திரும்பத் தொட்டியில் அள்ளிப் போட்டாள். தம்பி மேல் இருந்த கோபத்தில் இந்த வாரம் அடக்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. குழாய் சீறியது. மூடி உருண்டது.

காதம்மா பாட்டைப் போட்டாள். ஒன்றும் இல்லை. பாத்திரம்தான் உருண்டது.

"இன்னொரு தடவை" என்றார் புருஷன், படுக்கையிலிருந்து.

இன்னொரு தடவை. அதற்கு அடுத்த தடவையில் அண்ணிக்குக் கோபம் ஆறிவிட்டிருந்தது. கை தன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. பெண் குரல் ஏற ஏற, பாத்திரச் சத்தம் மெல்ல மெல்ல நின்றது. குழாயும் நின்றது. உச்சிக்குப் போய்த் தனியாக நின்ற இடத்தில், மழைச் சத்தத்துக்கு அடியிலிருந்து அந்தக் கனத்த குரல் எழுந்து, கூடப் போனது.

காதம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வருது... வருதுங்க... உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம என்ன? அது நம்ம அக்கா" என்றார் புருஷன், கொட்டாவி விட்டபடி. "சின்ன வயசுல அவ இப்படித்தான் முனகுவா. அதுவா கோளாறு?"

காதம்மா எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள். புருஷனும் பின்னாலேயே எழுந்து வந்தார். அண்ணி நுரைக் கையோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் திரும்பினாள். இரண்டு பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன? என்ன ஆச்சு?"

"அண்ணி, அன்னிக்கும் நீங்கதான் பாடினீங்களா?"

"நான் எங்க பாடினேன்? நான்..." அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ. நானா? உன் வேலைக்கு நானாடீ உலை வெச்சேன்? எனக்குத் தெரியாதேம்மா. நான் பாடறேன்னே எனக்குத் தெரியாது."

"ஏன் பாடினீங்க? வேற யார் பாட்டுக்கும் நீங்க பாடினது இல்லையே."

"அந்தப் பொண்ணு அவ்வளவு உசரத்துல போய்த் தனியா நின்னுச்சு. பாவமா இருந்துச்சு. துணைக்குப் போனேன்." சொல்லிவிட்டு அண்ணி அழ ஆரம்பித்தாள். "தப்புத்தான். மத்த நாள்ல எல்லாம் வாயை மூடிட்டுத்தானே இருப்பேன். நல்லாப் பாடறவங்க வந்தா பாத்திரத்தைக்கூட உருட்ட மாட்டேன். குழாயை மூடிட்டு நின்னுடுவேன்."

"ஏன்?"

"ஏன்னா? ஒருத்தங்க நல்லாப் பாடறப்ப தட்டு முட்டுன்னு உருட்டினா மரியாதையாடீ?"

காதம்மா அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

டோக்கன் கூப்பிடுகிறவர் குரல் வந்த அன்றைக்கு வீடு அமைதியானது. அக்கா தங்கை குரல் வந்த அன்றைக்கு வீடு அமைதியானது. சுற்றி இருக்கிறதெல்லாம் தானாக அடங்குகிறது என்று அவள் மேடை மேடையாகச் சொன்னாளே, தானாக எங்கே அடங்கியது? சமையலறையில் ஒருத்தி குழாயை மூடினாள். அந்த நொடியில்தான் இவள் நிமிர்ந்து உட்கார்ந்து, இதுதான் என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷம் காதம்மாவின் காதாக இருந்தது பாதி அவளுடையது, பாதி தொட்டியடியில் நின்றவளுடையது.

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பெயரே கைவிட்டுப் போன மாதிரி. ஆனால் அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. தான் பைத்தியம் இல்லை, தனக்குக் கேட்டது பொய் இல்லை என்கிற நிம்மதி ஒரு பக்கம். தனியாகத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்த வேலையில், ஒரு நாள்கூடத் தனியாக விடாமல் ஒருத்தி கூடவே நின்றிருக்கிறாள் என்கிற நினைப்பு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"எழுந்திரு, தரை ஈரம்" என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நாளைக்கு நீங்க என்கூட ஆபீஸ் வர்றீங்க."

"எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா? வரேன். அந்தத் தம்பி காலைப் பிடிச்சாவது சொல்றேன்."

"மன்னிப்பும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். நல்ல செருப்பாப் போட்டுட்டு வாங்க. நான் வாங்கித் தந்ததுல ஒண்ணையாவது."

மறுநாள் சின்ன முதலாளியின் அறையில் நின்று காதம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஸ்பீக்கர், மழை, பாத்திரம் எதையும் மறைக்கவில்லை. "என் காதுன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்களே, அதுல பாதி இவங்களோடது தம்பி. எனக்கே நேத்துத்தான் தெரியும். இதுக்கு மேல நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி. ஆனா அந்தப் பொண்ணையும் இவங்களையும் ஒரு தடவை சேர்ந்து கேட்டுடுங்க."

அவர் காதம்மாவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்ற அண்ணியைப் பார்த்தார். சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். "பங்க்குக்குப் போன் போடுங்க" என்றார்.

கண்ணாடி அறைக்குள் மைக்குக்கு முன்னால் நிறுத்தியதும் அண்ணிக்கு எல்லாம் மறந்துவிட்டது. கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்து நின்றாள். பெட்ரோல் பங்க் பெண் பாடினாள். அண்ணி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி. மூன்றாவது தடவை, "என்னால ஆகாதும்மா, என்னை விட்டுடுங்க" என்று காதம்மாவைத் தேடிக் கண்ணாடியைப் பார்த்தாள். சின்ன முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

காதம்மா உள்ளே போனாள். "அண்ணி, பாட்டு நோட்டு வைக்கிற அந்த ஸ்டாண்டைப் பாருங்க, எவ்வளவு தூசி. யாரும் துடைக்கிறதே இல்ல போல" என்று கையில் ஒரு துணியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அண்ணி பார்த்தாள். உண்மையிலேயே தூசிதான். "கர்மம், இவ்வளவு பெரிய ஆபீஸ்" என்று முனகிக்கொண்டே துடைக்கத் தொடங்கினாள். சவுண்டுக்காரர் மூச்சுக் காட்டாமல் பட்டனை அமுக்கினார். அந்தப் பெண் காதம்மாவின் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஆரம்பித்தாள். ஏறினாள். கம்பியின் வளைவில் கட்டியிருந்த தூசியை அண்ணி விரல் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் தொண்டையிலிருந்து அது வந்தது. பெண் ஒரு கணம் திடுக்கிட்டாள், பிறகு சிரித்த முகத்தோடு இன்னும் மேலே போனாள். விழ மாட்டோம் என்று தெரிந்துவிட்ட குரல் எப்படிப் பாடும் என்று அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் கேட்டார்கள்.

முடிந்த பிறகு சின்ன முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படிக்குப் பக்கத்து ரூம் அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு வெளியே வந்த அண்ணியிடம், "அங்க இன்னொரு நாற்காலி போடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

"நாற்காலி எதுக்கு தம்பி? வீட்டுல வேலை யார் பார்ப்பா? கேக்கறதை நான் அங்கேயே கேட்டுக்கறேன். அந்த ஸ்டாண்டை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கச் சொல்லுங்க."

பெட்ரோல் பங்க் பெண் காதம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காதம்மா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, தூரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சாப்பாடு முடிந்து புருஷன் படுத்துவிட்டார். காதம்மா ஸ்பீக்கரை மேசையில் வைக்கவில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு துணியை எடுத்துக்கொண்டு, அண்ணி கழுவிக் கொடுத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த இடத்தில் அவள் நின்றது இல்லை. எந்தக் கிண்ணம் அலமாரியில் எந்தத் தட்டில் போகும் என்றுகூடத் தெரியவில்லை.

"அது மேல் தட்டு. இது கூடவா தெரியாது?" என்றாள் அண்ணி.

ஒரு கிண்ணம், ஒரு தட்டு, இன்னொரு கிண்ணம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி கரண்டியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதம்மாவின் தொண்டையில் ஒரு சொல் வந்து வந்து திரும்பிப் போனது. போர்வை இல்லை, செருப்பு இல்லை, இன்றைக்குக் கையில் துடைக்கிற துணி மட்டும்தான் இருந்தது.

"நன்றி அண்ணி" என்றாள்.

கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணி கையை நீட்டிக் குழாயை மூடினாள். கடைசிச் சொட்டு விழுந்து அடங்கும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

திட்டு விழப்போகிறது என்று காதம்மா நினைத்தாள். "என்ன அண்ணி, நிறுத்திட்டீங்க?"

அண்ணி திரும்பவில்லை. நுரைக் கையைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லு."